தெளிந்த பின்தான் நடப்பதா?

இளமையை மகிழ்ச்சியின் பருவம் என்று போற்றுவோர் பலர். அவர்களுள் பெரும்பாலோர் அந்தப் பருவத்தைக் கடந்து வந்தவர்கள் என்பதை நாம் கவனிக்கத் தவறிவிடுகிறோம். அதன் நடுவில் நிற்பவரைக் கேட்டால் விடை வேறாக இருக்கும். எதைப் படிப்பது, எந்த வேலையை நாடுவது, பிறந்த ஊரில் இருப்பதா பிழைப்புத் தேடி வெளியேறுவதா, யாரை மணப்பது, இல்லறமா துறவறமா என ஒருவர் தம் வாழ்நாளில் எடுக்க வேண்டிய பெரிய முடிவுகளுள் பல, பதினெட்டு வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையே வந்து குவிகின்றன. அவற்றை எடுப்பதற்குத் தேவையான பட்டறிவோ, முடிவுகளை எடுத்த பிறகுதான் வந்து சேருகிறது. விளக்கு வாங்கக் கடைக்குப் போகும் வழியே இருட்டாயிருப்பதைப் போன்ற நிலை இது.

நம் பாட்டன்மார் காலத்தில் இவ்வளவு கேள்விகள் எழவில்லை. வயற்காட்டில் தந்தையின் ஏர் மகன் கைக்கு வந்தது. கடற்கரையில் தந்தையின் கட்டுமரம் மகனுக்கு வந்தது. பெண்ணுக்கு மணமகனைப் பெரியவர்கள் பார்த்தார்கள். நாளையும் அவர்களே குறித்தார்கள். அந்த ஏற்பாட்டில் அநீதி மிகுந்திருந்தது. பிறப்பின் பெயரால் ஒரு தொழிலில் பூட்டப்பட்டவர்களும், எழுத்தறிவு மறுக்கப்பட்ட பெண்களும் அதன் விலையைக் கொடுத்தார்கள். அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நாம் ஒருபோதும் விரும்பமாட்டோம். ஆயினும் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். வழி ஒன்றே இருந்தபோது, தவறான வழியைத் தேர்ந்துகொண்டோமோ என்னும் ஏக்கத்துக்கு இடம் குறைவு. இன்று வழிகள் பல. தேர்ந்தெடுக்கும் உரிமை வந்தது. தேர்ந்ததன் பொறுப்பும் கூடவே வந்தது. வாழ்வு சரியாக அமையாதபோது விதியையோ வீட்டாரையோ காட்டிவிட்டு ஒதுங்க முடியாத இளைஞர், தம்மையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்கிறார்.

இத்தகைய இளையோரிடமிருந்து நாம் அடிக்கடி கேட்கும் சொற்கள் இரண்டு. ஒன்று, "எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை." மற்றொன்று, "என்னால் முடியும் என்று தோன்றவில்லை." இவற்றை வெறும் மனச்சோர்வு என்று தள்ளிவிட முடியாது. இரண்டின் அடியிலும் ஓர் அறக்கேள்வி இருக்கிறது. முழுத் தெளிவு இல்லாமல் வாழ்வின் பெரிய முடிவை எடுப்பது பொறுப்பற்ற செயலா? தன் ஆற்றலை ஐயுறுவது பணிவா, அல்லது குறையா? இவ்விரண்டையும் சற்று நின்று ஆராய்வோம்.

வழியைப் பற்றிய ஐயம்

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வது நல்லது. ஐயத்தோடு செயல்படலாகாது என்பது திருச்சபையின் அறநெறிப் படிப்பினையில் நெடுங்காலமாக உள்ள விதி. ஆனால், எந்த ஐயத்தைப் பற்றிய விதி அது? செய்யப்போகும் செயல் பாவமா அன்றா என்னும் ஐயத்தைப் பற்றியது. புதருக்குள் அசைவது விலங்கா மனிதனா என்று தெரியாத வேடன் அம்பை விடக் கூடாது என்பது அறநூலார் காட்டும் பழைய எடுத்துக்காட்டு. செவிலியர் படிப்பா ஆசிரியர் பயிற்சியா என்று தயங்கும் பெண்ணின் ஐயம் அப்படிப்பட்டது அன்று. இரண்டும் நல்லவை, எது தமக்குப் பொருந்தும் என்பதே கேள்வி. நல்லவை இரண்டுக்கு நடுவே நிற்கும் நம் இளையோர் பலர், வேடனுக்குரிய அச்சத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறார்கள். தவறித் தேர்ந்தால் பெரும் குற்றம் இழைத்தவராகிவிடுவோம் என்று நடுங்குகிறார்கள். அந்த நடுக்கம் தேவையற்றது.

கணிதத்தில் எதிர்பார்க்கும் உறுதியை வாழ்க்கை நடைமுறையில் எதிர்பார்க்கலாகாது என்பதை அரிஸ்டாட்டில் தம் அறநூலின் தொடக்கத்திலேயே வலியுறுத்தினார். அவரைப் பின்பற்றி எழுதிய புனித தோமா அக்குவினா, முன்மதி என்னும் நற்பண்பை விளக்கும்போது ஒரு படி மேலே செல்கிறார். மனிதச் செயல்கள் எண்ணற்ற சூழல்களைச் சார்ந்தவை. ஆகவே முன்மதி தரும் உறுதி, கவலை முழுவதையும் நீக்கிவிடும் அளவுக்கு ஒருபோதும் இருக்க முடியாது என்பது அவர் முடிவு. இதை நம் இளையோர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நன்றாகச் சிந்தித்து, நல்லோரைக் கேட்டு, மன்றாடி எடுத்த முடிவுக்குப் பிறகும் உள்ளத்தில் சிறிது கலக்கம் எஞ்சியிருக்கும். அக்கலக்கம், முடிவு தவறு என்பதற்கு அடையாளம் ஆகாது. அது மனித அறிவின் எல்லைக்கோடு.

நம் வள்ளுவரும் இதை நன்கு உணர்ந்திருந்தார். ஆராய்ந்து தொடங்குவதற்கு அவர் 'தெரிந்துசெயல்வகை' என ஓர் அதிகாரம் அமைத்தார். அத்துடன் நிறுத்திக்கொள்ளாமல் 'வினைத்திட்பம்' என மற்றோர் அதிகாரமும் அமைத்தார். ஆராய்ச்சி ஒரு துணிவில் போய் முடிய வேண்டும் என்பது அவர் கருத்து. முடிவுக்கு வராத ஆராய்ச்சி, எவ்வளவு நுட்பமானதாயினும், கரை சேராத ஓடமே.

ஐயத்தையே தம் ஆய்வுமுறையாகக் கொண்ட ஒருவர் இதைப் பற்றி என்ன சொன்னார் என்று பார்ப்பது சுவையானது. பிரான்சு நாட்டு மெய்யியலார் ரெனே தெக்கார்த், இயேசு சபையாரின் லா ஃபிளேஷ் கல்லூரியில் பயின்றவர். சட்டத்தில் பட்டம் பெற்றவர். பின்னர் படையில் சேர்ந்தவர். 1619ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் இரவு, ஜெர்மனியில் தங்கியிருந்தபோது அடுத்தடுத்து மூன்று கனவுகள் கண்டார். மூன்றாவது கனவில் ஒரு கவிதைத் தொகுப்பு அவர்முன் விரிந்தது. வாழ்வில் எந்த வழியைத் தேர்வது என்று வினவும் வரி ஒன்று அதில் அவர் கண்ணில் பட்டது. அப்போது அவருக்கு வயது 23. உலகம் பின்னாளில் மாபெரும் சிந்தனையாளராகப் போற்றிய மனிதரை அந்த வயதில் வாட்டிய கேள்வி, இன்று நம் பங்கிலுள்ள பட்டதாரி இளைஞரை வாட்டும் அதே கேள்விதான். விடை தேடிய அவர் லொரேத்தோ அன்னையின் திருத்தலத்துக்குத் திருப்பயணம் செல்வதாக நேர்ந்துகொண்டார்.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1637இல் வெளியிட்ட நூலில், அறிவு ஆராய்ச்சியில் எதையும் ஐயுறலாம் என்று எழுதிய அதே தெக்கார்த், வாழ்க்கைக்கு அந்த முறை பொருந்தாது என்றும் எழுதினார். பழைய வீட்டை இடித்துப் புதுவீடு கட்டுவோர், கட்டி முடியும்வரை தங்குவதற்கு ஓர் இடம் வேண்டும் அல்லவா? அதுபோல அறிவு தெளியும்வரை வாழ்வதற்கெனச் சில இடைக்கால விதிகளை அவர் வகுத்துக்கொண்டார். அவற்றுள் ஒன்றைக் காட்டில் வழி தவறிய பயணியை வைத்து விளக்கினார். அப்பயணி அங்குமிங்கும் சுற்றி அலைவதும் கூடாது. ஓரிடத்திலேயே நின்றுவிடுவதும் கூடாது. ஒரு திசையைத் தேர்ந்து, அற்பக் காரணங்களுக்காக அதை மாற்றாமல், நேராக நடக்க வேண்டும். விரும்பிய இடத்துக்குப் போகாவிட்டாலும், நடுக்காட்டைவிட நல்லதோர் இடத்தை அவன் அடைவான்.

இந்த விதியின் அளவையும் நாம் அறிந்திருக்க வேண்டும். தேர்ந்த திசை சரியானது என்று அது உறுதி கூறவில்லை. காட்டை விட்டு வெளியேறலாம் என்று மட்டுமே கூறுகிறது. அப்படியானால், பாதி வழியில் தவறு தெரிந்துவிட்டால்? பிடிவாதமாக நடப்பதா?

இதற்குப் புனித லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளில் விடை இருக்கிறது. மனம் இருண்டு, சோர்ந்து, வறண்டு கிடக்கும் நேரத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்பது அவர் தரும் விதி. முடிவை என்றுமே மாற்றாதே என்று அவர் சொல்லவில்லை; இருளில் மாற்றாதே என்றுதான் சொல்கிறார். தேர்வு முடிவு வந்த மாலையிலும், காதல் முறிந்த வாரத்திலும், அலுவலகத்தில் அவமானப்பட்ட நாளிலும் வாழ்வின் திசையைத் திருத்த முற்பட வேண்டா. மனம் அமைதியடைந்த பின், வெளிச்சத்தில் அமர்ந்து அதே கேள்வியை எழுப்புவோம். அப்போதும் வழி தவறென்று தெரிந்தால் மாற்றிக்கொள்வோம். அந்த மாற்றம் ஓட்டம் ஆகாது. அதுவும் ஒரு முடிவே.

இந்த விதியை இஞ்ஞாசியார் ஏட்டிலிருந்து பெறவில்லை. 1521இல் பம்ப்ளோனா போரில் காலில் குண்டடி பட்டபோது படைவீரர் என்ற கனவு முடிந்தது. 1523இல் எருசலேமுக்குச் சென்று அங்கேயே வாழ்நாளைக் கழிக்க எண்ணினார். அங்கே இருந்த பிரான்சிஸ்கு சபைத் தலைவர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு வழிகள் அடைபட்ட பின், இனி என்ன செய்வது என்று எண்ணியபடியே நாடு திரும்பினார். 1524இல் பார்சலோனாவில், முப்பது வயதைத் தாண்டியவர், சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் இலக்கணம் கற்கத் தொடங்கினார். அந்த வகுப்பில் அமர்ந்திருந்தபோது, 1540இல் தாம் நிறுவிய சபைக்குத் திருத்தந்தையின் ஒப்புதல் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியாது. பிறருக்கு உதவ வேண்டுமானால் படிக்க வேண்டும் என்ற ஒன்றுதான் தெரிந்திருந்தது. அது போதுமானதாக இருந்தது.

தன்னைப் பற்றிய ஐயம்

இரண்டாவது ஐயம் முதலாவதைவிடக் கொடியது. வழியை ஐயுறுபவர் வெளியே பார்க்கிறார். தன்னையே ஐயுறுபவரின் பார்வை உள்ளே திரும்பிச் சிறைப்படுகிறது. நம் நாளில் இவ்வையத்தைப் பெருக்குவது ஒப்பீடு. முன்பு பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டார்கள்; இன்று கைப்பேசித் திரையில் உலகத்துப் பிள்ளைகள் அனைவரோடும் ஒப்பிட்டுக்கொள்ள முடிகிறது. அதிலும் பிறருடைய விழாநாள் ஒளிப்படத்தோடு நம்முடைய சாதாரண நாளை ஒப்பிடுகிறோம்.

போட்டித் தேர்வுகளை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2022இல் நடத்திய நான்காம் தொகுதித் தேர்வுக்கு ஏறத்தாழ 22 இலட்சம் பேர் விண்ணப்பித்தனர். முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. பின்னர் அவை பத்தாயிரத்தைத் தாண்டின. ஆக, விண்ணப்பித்தவர்களுள் ஏறத்தாழ இருநூறு பேருக்கு ஓர் இடம். எல்லாரும் அயராது படித்திருந்தாலும் இருநூற்றுள் நூற்றுத்தொண்ணூற்றொன்பது பேர் வெறுங்கையோடுதான் திரும்பியிருக்க வேண்டும். அத்தகைய தேர்வின் முடிவு, இடங்கள் எத்தனை என்பதைத்தான் முதலில் சொல்கிறது. மனிதர் எத்தகையவர் என்பதை மிகக் குறைவாகவே சொல்கிறது. ஆனால் வாடகை அறையில் மூன்றாம் முறை தோற்ற இளைஞர் காதில் அது 'நீ எதற்கும் தகுதியற்றவன்' என்றே ஒலிக்கிறது. கணக்கின் விளைவு தன்மானத்தின் மீது தீர்ப்பாக மாறிவிடுகிறது.

ஜான் ஹென்றி நியூமனின் இளமை இங்கே நினைவுக்கு வருகிறது. 1801இல் பிறந்த அவர், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் பெரும் எதிர்பார்ப்புகளுக்கிடையே பயின்றார். 1820இல் பட்டத் தேர்வு வந்தது. அளவுக்கு மீறிப் படித்துக் களைத்திருந்த அவர் தேர்வில் நிலைகுலைந்துபோனார். பட்டம் கிடைத்தது, ஆனால் எல்லாரும் எதிர்பார்த்த உயர்ந்த இடம் கிடைக்கவில்லை. கணிதச் சிறப்புப் பட்டியலில் அவர் பெயரே இடம்பெறவில்லை. ஒன்றரை ஆண்டு கழித்து, 1822 ஏப்ரல் 12 அன்று, அறிவாற்றலுக்குப் பெயர்பெற்ற ஓரியல் கல்லூரி அவரைத் தன் ஆய்வுறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1820இல் தோற்றவரும் 1822இல் தேறியவரும் ஒரே மனிதர். மாறியது அளவுகோல்.

ஆனால் இக்கதையை இத்துடன் முடித்தால் நாம் இளையோரை ஏமாற்றியவர்களாவோம். தோற்றவர் அனைவருக்கும் ஓர் ஓரியல் கல்லூரி காத்திருப்பதில்லை. இன்று தோற்றவர் நாளை உறுதியாக வெல்வார் என்னும் ஆறுதல் உண்மையன்று; உண்மையல்லாத ஆறுதல் நெடுநாள் தாங்காது. வெற்றி வராமலேயே போனால், தன் மதிப்புக்கு எது ஆதாரம்? இதுவே உண்மையான கேள்வி.

இக்கேள்வியை நேருக்கு நேர் சந்தித்த ஒருவர் சிமோன் வெய்ல். 1909இல் பாரிசில் யூதக் குடும்பத்தில் பிறந்து, கிறிஸ்துவால் ஆழமாக ஈர்க்கப்பட்டு, ஆயினும் திருச்சபையின் வாசலிலேயே நெடுநாள் நின்றவர். அவருடைய அண்ணன் ஆந்திரே, இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த கணித அறிஞர்களுள் ஒருவர். சிறு வயதிலேயே மேதை எனப் பெயர் பெற்றவர். பதினான்கு வயதில், அண்ணனோடு தம்மை ஒப்பிட்டுப் பார்த்த சிமோன், தம் அறிவு தாழ்ந்தது என்று முடிவுகட்டி, உயிரோடு இருப்பதே பொருளற்றது என்னும் அளவுக்கு மனமுடைந்தார். மேதைகள் மட்டும் நுழையும் உண்மையின் உலகில் தமக்கு இடமில்லையே என்பதுதான் அவருடைய துயரம். இதை அவரே 1942இல் அருள்தந்தை பெரேன் அவர்களுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். பல மாத இருளுக்குப் பின் அவருக்கு ஒன்று தெளிந்தது. உண்மையை உளமார நாடி, அதை நோக்கி இடைவிடாது கவனத்தைச் செலுத்தும் எவரும், இயற்கைத் திறமை ஏதுமில்லாதவராயினும், அந்த உலகில் நுழைய முடியும் என்பதே அத்தெளிவு.

அவர் கண்ட விடையின் நேர்மையைக் கவனியுங்கள். 'நானும் மேதைதான்' என்று அவர் தம்மைத் தேற்றிக்கொள்ளவில்லை. 'ஒரு நாள் அண்ணனை மிஞ்சுவேன்' என்று சூளுரைக்கவில்லை. ஒப்பீட்டில் வெல்ல முயலாமல் ஒப்பீட்டை விட்டே வெளியேறினார். திறமை கொடுக்கப்படுவது, கவனமும் நாட்டமும் நம்மால் கொடுக்கப்படுபவை. மனிதரின் மதிப்பு அவர் எதைப் பெற்றார் என்பதில் இல்லை, எதன்பால் தம்மை ஒப்படைக்கிறார் என்பதில் இருக்கிறது என்றால், தேர்வுப் பட்டியல் எதுவும் அதைத் தொட முடியாது.

புதைத்தவன் பணிவுள்ளவனா?

'நான் எம்மாத்திரம்?' என்று பின்வாங்குவதை நாம் பல வேளைகளில் பணிவு என்று பாராட்டுகிறோம். இது சரியா? புனித தோமா அக்குவினா, தன் ஆற்றலுக்கு மிஞ்சியதை நாடும் செருக்கைக் குறை என்று கூறுவதோடு, தன் ஆற்றலுக்கு உட்பட்டதையும் நாட மறுக்கும் மனச்சிறுமையையும் குறை என்றே கூறுகிறார். அதற்கு அவர் காட்டும் சான்று, மத்தேயு நற்செய்தியின் தாலந்து உவமையில் வரும் மூன்றாவது பணியாளர்.

ஒரு தாலந்து என்றதும் நாம் ஒரு சிறு நாணயத்தை எண்ணிக்கொள்கிறோம். அது பெருந்தொகை. ஆறாயிரம் தெனாரியத்துக்கு இணையானது என்று விளக்குவர். ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் ஒரு நாள் ஊதியம். ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்பின் ஊதியத்தை அப்பணியாளர் மண்ணில் புதைத்தார். 'எனக்குக் கிடைத்தது ஒன்றுதானே' என்று குறைத்து மதித்தது எவ்வளவு பெரிய பிழை!

அவர் ஏன் புதைத்தார்? 'நான் திறமையற்றவன்' என்று அவர் சொல்லவில்லை. தலைவர் கடின உள்ளத்தினர் என அறிந்து அஞ்சியதாகத்தான் சொல்கிறார். ஆழ்ந்து நோக்க வேண்டிய இடம் இது. தன்மேல் கொள்ளும் ஐயம் எனத் தோன்றுவது, பல வேளைகளில் தன்னைத் தீர்ப்பிடப்போகிறவர் மேல் கொண்ட அச்சமே. தோற்றால் அப்பா முகத்தை எப்படிப் பார்ப்பது, உறவினர் என்ன பேசுவார்கள், கோயில் வாசலில் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்று எண்ணும் இளைஞர், தம் ஆற்றலை அளக்கவில்லை; கண்டிப்பான ஒரு நீதிபதியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடவுளுக்கும் அதே முகத்தைக் கற்பித்துக்கொண்டால் அவர் எங்கே போவார்?

இங்கே பெரியவர்களாகிய நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டிலும் பங்கிலும் அந்தக் கடின முகத்தைக் காட்டுகிறவர்கள் நாம்தாமா? மதிப்பெண் கேட்பது போல ஊதியம் கேட்கிறோம். ஊதியம் கேட்பது போல 'எப்போது கல்யாணம்?' என்று கேட்கிறோம். பங்கு விழாவில் முதல் மதிப்பெண் பெற்றவரை மேடையேற்றுகிறோம், அது நல்லதே. ஆனால் அந்த உவமையின் தலைவர், ஐந்து தாலந்து ஈட்டியவருக்கும் இரண்டு தாலந்து ஈட்டியவருக்கும் கூறிய பாராட்டு, சொல்லுக்குச் சொல் ஒன்றேதான். இருவரையும் அவர் ஒரே மகிழ்ச்சிக்குள் அழைத்தார். நாம் அப்படி அழைக்கிறோமா?

அவிலா நகர்ப் புனித தெரேசா, பணிவை உண்மையோடு இணைத்தே விளக்கினார். அவ்வாறாயின், தன்னை உயர்த்திக் கூறுவது எப்படிப் பொய்யோ, அப்படியே தன்னைத் தாழ்த்திக் கூறுவதும் பொய். 'இது எனக்குத் தெரியும், இது தெரியாது, இதைக் கற்றுக்கொள்ள முடியும், இது என்னால் இயலாது' என்று உள்ளதை உள்ளபடி சொல்பவரே பணிவுள்ளவர்.

ஆகவே, தன்மேல் ஐயமே கூடாது என்று நாம் சொல்லமாட்டோம். முதன்முதல் ஊசி போடும் செவிலியரும், முதல் வகுப்பில் நிற்கும் ஆசிரியரும் சற்றே நடுங்குவது, தாம் ஏற்ற பொறுப்பின் எடையை உணர்ந்ததன் அடையாளம். தன்னை ஒருபோதும் ஐயுறாதவரிடம் அதிகாரத்தைக் கொடுக்க நாம் அஞ்ச வேண்டும். நல்ல ஐயத்தையும் தீய ஐயத்தையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு: அது நம்மை எங்கே அனுப்புகிறது? 'இன்னும் கற்றுக்கொள், கேட்டுப் பார், மறுபடி செய்து பார்' என்று வேலையை நோக்கி அனுப்பினால் அந்த ஐயம் நண்பன். 'நீ யார் இதைச் செய்ய?' என்று கதவை மூடிய அறைக்குள் அனுப்பினால் அது பகைவன். முன்னது குறிப்பிட்ட ஒரு குறையைச் சுட்டும். பின்னது முழு மனிதரையும் பழிக்கும்.

இருள் நோயாகும்போது

இதுவரை கூறியவை நலமான மனத்தின் ஐயங்களுக்குப் பொருந்தும். சிலருக்கு இருள் அதற்கும் அப்பால் செல்கிறது. உறக்கம் கெட்டு, உணவு கசந்து, வாரக்கணக்கில் எதிலும் நாட்டமின்றி, இறப்பைப் பற்றிய எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால், அது அறிவுரையால் தீரக்கூடியது அன்று. மருத்துவம் வேண்டிய நிலை. அதை நம்பிக்கைக் குறைவு என்றோ சோம்பல் என்றோ பழிப்பது பெரும் அநீதி. 1522இல் மன்ரேசா நகரில், தம் பழைய பாவங்களை எண்ணி எண்ணி மனச்சான்று புண்பட்ட இஞ்ஞாசியாருக்கே உயிரை விட்டுவிடும் எண்ணம் வந்து வந்து போனது. அவர் அதை மறைக்கவில்லை. தம் வாழ்க்கை வரலாற்றில் சொல்லி எழுதச் செய்தார். புனிதரே மறைக்காததை நம் குடும்பங்கள் ஏன் மறைக்க வேண்டும்? உடலுக்கு மருத்துவரை நாடுவதுபோல மனத்துக்கும் நாடுவோம். இந்திய அரசு 2022இல் தொடங்கிய மனநல உதவிக்கு 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

அடுத்த அடி

இனி, நடப்பதற்கு உதவும் சிலவற்றைத் தொகுத்துக்கொள்வோம்.

தனியே தேர வேண்டா. பிறரிடம் கற்றுக்கொள்ளும் மனத்தைப் புனித தோமா முன்மதியின் ஓர் உறுப்பாகவே வைத்தார். சூழல்கள் எண்ணற்றவையாக இருப்பதால் எவரும் தமக்குத்தாமே போதுமானவர் அல்லர் என்பது அவர் தரும் காரணம். நம்மை மட்டும் அறிந்தவரைக் கேட்பது போதாது. நாம் போக எண்ணும் வழியில் ஏற்கெனவே நடந்தவரையும் கேட்க வேண்டும். தாலந்தைப் புதைத்தவரிடம் தலைவர் கேட்டதும் இதுதான்: வட்டிக்கடையிலாவது கொடுத்து வைத்திருக்கலாமே! தனியே வாணிகம் செய்யத் துணிவில்லாதவர், துணிவுள்ளவரோடு சேர்ந்துகொள்ளலாம். அந்தச் சிறிய அடிக்கும் அங்கே இடம் இருந்தது.

முயற்சிக்கு ஓர் எல்லை குறிக்க வேண்டும். எத்தனை முறை தேர்வு எழுதுவது, எத்தனை ஆண்டு காத்திருப்பது என்பதை அமைதியான நாளில் வீட்டாரோடு பேசி முடிவு செய்துகொண்டால், தோல்வி வந்த நாளில் புதிதாக முடிவெடுக்கும் துன்பம் நேராது. எல்லை வந்தபின் வழி மாறுவது தோல்வி ஆகாது, வாக்கைக் காப்பது.

மூன்றாவதாக, தொலைவைக் கண்டு அஞ்சாமல் அருகிலுள்ளதைச் செய்ய வேண்டும். 1833இல் நியூமன் சிசிலித் தீவில் கடும் காய்ச்சலால் சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். நாடு திரும்பும் வழியில், கோர்சிகாவுக்கும் சார்தீனியாவுக்கும் இடைப்பட்ட நீரிணையில் காற்றின்றிக் கப்பல் ஒரு வாரம் அசையாமல் நின்றது. அப்போது அவர் ஒரு செய்யுள் எழுதினார். காந்தியடிகள் உள்ளத்தைக் கவர்ந்த அப்பாடலில் அவர் முழுப் பயணத்தின் வரைபடத்தை வேண்டவில்லை. அடுத்த அடிக்கு வேண்டிய வெளிச்சத்தைத்தான் வேண்டினார். அவ்வாறு ஒவ்வோர் அடியாக நடந்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் 1845 அக்டோபர் 9 அன்று கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். நண்பர்கள் பலரை இழந்தார். நெடுங்காலம் இரு தரப்பாராலும் ஐயக்கண்ணோடு நோக்கப்பட்டார். 2019இல் திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது. கப்பல் நின்ற அந்த வாரத்தில் இவற்றுள் ஒன்றுமே அவருக்குத் தெரியாது.

தெளிந்த பின்தான் நடப்பது என்று இருந்தால் நம்மில் எவரும் நடந்திருக்கமாட்டோம். இன்று உறுதியோடு பேசும் பெற்றோரும் ஆசிரியரும் குருக்களும் ஒருநாள் தெரியாமல்தான் முதல் அடி வைத்தார்கள். அதை இளையோரிடம் சொல்ல அவர்கள் வெட்கப்படலாகாது. தங்கள் வெற்றியைச் சொல்லிக் காட்டுவதைவிட, தங்கள் தயக்கத்தைச் சொல்வது இளையோருக்குப் பெரிய உதவி. இளையோரும் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். அந்த உவமையில் வாணிகம் செய்து முதலை இழந்து கடிந்துகொள்ளப்பட்ட பணியாளர் எவரும் இல்லை. கடிந்துகொள்ளப்பட்டவர் ஒருவரே; அவர் இழந்தவர் அல்லர், புதைத்தவர். நம் கையில் இருப்பது ஐந்தோ இரண்டோ ஒன்றோ, அதை மண்ணிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டு நாளைக் காலை கடைத்தெருவுக்குப் புறப்படுவோம்.